பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரஷர்

கணேசா, முதலில் லாரியை ஓரமாக நிறுத்து. ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டென்று எனக்குத் தெரியும், மறுத்துப் பேசாதே. நிறுத்திவிட்டு, ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, இதைக் கடைசி வரை படி. நான் தாளில் எழுதியதை மருமகள் மாலா படமெடுத்து உனக்கு அனுப்புகிறாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பக்கவாதம் வந்து வலது கை போன பிறகு இடது கையால் எழுதப் பழகியவன் நான், எழுத்து வேறு எப்படி இருக்கும்? நேரிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்று பேசிப் பார்த்தேனே. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நாக்கு பாதி வழியில் சண்டித்தனம் செய்கிறது, மீதியை நீயே முடித்துவிடுகிறாய், அதுவும் உனக்குச் சாதகமாக. "கவினை ஆஸ்பத்திரிக்கு" என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, "திருவிழா முடிஞ்சு கூட்டிட்டுப் போலாம்பா, அதானே?" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது இல்லை நான் சொல்ல வந்தது. தாளில் எழுதினால் என் வாக்கியத்தை யாரும் முடித்து வைக்க முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். வருகிற வியாழக்கிழமை காலையில் சிரம்பான் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரைப் பார்க்க உன் மகனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். திருவிழா அதற்கு அடுத்த வாரம். நீ திருவிழா முடியட்டும் என்கிறாய். இந்த நாளை விட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரும் மாலாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தள்ளிப்போடாதே கணேசா. செம்பனைக் காட்டில் மண்டோராக நின்று நாற்பது ஐம்பது ஆட்களை அதட்டி வேலை வாங்கியவன் நான். கெஞ்சிப் பழக்கமில்லை, எப்படிக் கெஞ்சுவது என்றுகூட சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி கெஞ்சுகிறேன். வியாழக்கிழமை வீட்டில் இரு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் மிஸ்ஸிமார் வந்து எல்லாப் பிள்ளைகளையும் உயரம் பார்த்து எடை பார்த்தார்கள். அடிக்கடி தலை வலிக்கிறது என்று கவின் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். நம்மிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லியிருக்கிறான் பார். உடனே பிரஷர் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாக இருந்ததால் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மாலா ஷிப்டை மாற்றிக்கொண்டு அவனைக் கூட்டிப் போனாள், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே அவன் கைக்குப் பொருத்தமான பட்டையைத் தேடி எடுத்து, பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்புறம்தான் பார்த்தார்கள். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யவில்லை. வேறு வேறு நாளில் வரச்சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் இருந்தது. பிள்ளை பயந்துபோய் ஏறியிருக்கும் என்று நீ சொன்னாய். முதல் தடவை பயந்தான், ஒத்துக்கொள்கிறேன். கடைசித் தடவை மிஸ்ஸியோடு காற்பந்துக் கதை பேசிச் சிரித்துவிட்டுத்தான் கையை நீட்டினான்.

அதற்கு அப்புறம்தான் நீ அந்தக் காரியம் செய்தாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் என் அலமாரியிலிருந்து என் பிரஷர் மிஷினை எடுத்தாய். கவினை நாற்காலியில் உட்கார வைத்து அவன் கையில் மாட்டினாய். நூற்றி இருபத்தெட்டு என்று வந்தது. நீ துள்ளிக் குதித்தாய். "பாருங்கப்பா! உங்களுக்கு இந்த நம்பர் வரணும்னுதானே டாக்டர் மாத்திரையா குடுக்குறாரு? இவனுக்குச் சும்மாவே வருது. உங்களவிட நல்லா இருக்கான்லா!" என்று சொல்லி என் முதுகில் தட்டினாய். மாலா சிரிக்கவில்லை. கவின் சிரித்தான், அப்பா சிரிக்கிறார் என்பதால். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வருவதற்குள் நீ மிஷினைச் சுருட்டி வைத்துவிட்டாய். கிளினிக்கில் அந்தப் பெண் டாக்டர் இதைத்தான் சொல்லி அனுப்பினார். "பெரியவங்க நம்பர வெச்சு இவனப் பாக்காதீங்க ஐயா. பிள்ளைங்களுக்குக் கணக்கே வேற. வயசு, உயரம், ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா, எல்லாம் பாத்துதான் சொல்லுவோம். உங்களுக்கு நல்ல நம்பரு இவனுக்கு ரொம்ப ஜாஸ்தி" என்றார். அறுபத்தெட்டு வயதுக் கிழவனுக்கு நல்லதென்று சொல்கிற அளவு பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டாய்.

ஏன் வந்தது என்று நான் டாக்டரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பதிலுக்குக் கேள்வி கேட்டார். பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தான், பிறக்கும்போது எப்படி இருந்தான் என்றுதான் முதலில் கேட்டார். மாலா அழ ஆரம்பித்துவிட்டாள். நானே சொன்னேன், என் நாக்குக்கு ஏற்றபடி மெதுவாக. மாதம் முந்திப் பிறந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடந்தான், மூக்கில் குழாய் இருந்தது என்றேன். அப்படி முந்திப் பிறந்து, எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னால் பிரஷர் வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். அதுமாதிரிப் பிள்ளை பின்னால் வேகமாகக் குண்டானால் இன்னும் அதிகமாம். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டுமாம், ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் எடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் சிரம்பான். பிள்ளைகளுக்குப் பிரஷர் வந்தால் உள்ளே வேறு ஏதாவது கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்களாம். தேடட்டுமே கணேசா. தேடி ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கே நான் அம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி நாட்களை நான் மறக்கவில்லை. நீ ஆஸ்பத்திரி வாசலில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாய். சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. பிள்ளை பிழைத்தால் அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை வருஷா வருஷம் திருவிழாவில் அவன் எடைக்குச் சரியாகச் சர்க்கரை கொடுக்கிறேன் என்று நம் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாய். பிழைத்தான். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். வொர்க்‌ஷாப் வெல்டரைப் பிடித்துப் பெரிய தராசு செய்து கோயிலுக்குக் கொடுத்தாய். முதல் வருஷம் அவனை ஒரு தட்டில் வைத்தபோது எதிர்த் தட்டில் சர்க்கரைப் பொட்டலங்கள் கொஞ்சம்தான். அடுத்த வருஷம் கூடியது, அதற்கடுத்த வருஷம் இன்னும் கூடியது. ஒவ்வொரு வருஷமும் தட்டு சமமாகும்போது ஜனங்கள் கைதட்டுவார்கள். "அம்மா தாயே, புள்ளய வளத்துட்டா பாரு!" என்று சத்தம் போடுவார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகப் போட்டவன் யார் என்று உனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தொண்டை இருந்தது.

இதில் தப்பு எங்கே வந்தது என்று நான் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். வேண்டுதலில் தப்பில்லை. எடை கூடினால் அம்மன் காக்கிறாள், குறைந்தால் கைவிட்டுவிட்டாள் என்று நாமாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம், அங்கேதான் வந்தது. திருவிழாவுக்கு மாதம் இருக்கும்போதே நீ அவனுக்குத் தீனி போட ஆரம்பித்துவிடுகிறாய். காலையில் நெய் ஊற்றிய ரொட்டி, மத்தியானம் ரெண்டு தட்டு சோறு, சாயங்காலம் பசார் மாலாம் சந்தையில் பொரித்த கோழி, சிவப்புச் சிராப் தண்ணீர். "சாப்புடுடா, அம்மன் தராசுல சின்னப்பயலா நிக்கப் போறியா?" என்று நீ கேட்பாய், அவன் வாயைத் திறப்பான். போன வருஷம் தராசுக்குப் போகும் காலையில் அவன் வாந்தி எடுத்தான், ஞாபகமிருக்கிறதா? வாயைக் கழுவிவிட்டு மறுபடியும் இட்லி ஊட்டினாய். தட்டு சமமாகாமல் போய்விடுமோ என்று உனக்குப் பயம். கோயிலில் ஆட்டுக்கடாவைத் தயார் செய்கிறவர்கள்கூட கடைசி நாளில் இவ்வளவு ஊட்டுவதில்லை. கோபம் வருகிறதா? வரட்டும். கோபத்தோடு வியாழக்கிழமை வா.

டாக்டர் அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மாலா உண்மையைச் சொன்னாள், பாவம், மறைக்கத் தெரியாதவள். ஷிப்ட் முடிந்து வந்தால் பாக்கெட் மீ நூடுல்ஸைக் கொதிக்க வைத்துப் பொட்டலத்து மசாலாவை முழுசாகக் கொட்டுவேன், கருவாடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது, பள்ளியிலிருந்து வந்ததும் கெரோப்போக் வறுவல் பொட்டலத்தோடு போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவான் என்று சொன்னாள். இத்தனையிலும் உப்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது. நம் நாக்குக்குத் தெரியவில்லை, அவன் ரத்தக் குழாய்க்குத் தெரிகிறது. விளையாடுகிறானா என்று கேட்டார். எங்கே விளையாடுவது? நீ சின்ன வயதில் பந்து விளையாடிய திடலில் இப்போது கம்பி வேலி போட்டு லாரி நிறுத்துகிறார்கள், உன் லாரி உட்பட. அப்புறம் தூக்கம் எப்படி என்றார். கவின் என் அறையில்தானே படுக்கிறான், அதற்கு நான் பதில் சொன்னேன். அவன் குறட்டை விடுகிறான் டாக்டர், பெரிய ஆள்போல விடுகிறான், நடுநடுவே மூச்சு நின்று போனதுபோல இருந்து திடுக்கென்று வாங்குகிறான் என்றேன். குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் அதைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் பிரஷர் ஏறுமாம், அதையும் சிரம்பானில் சொல்லச் சொன்னார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று கேட்டார். கவின்தான் சொன்னான், "அப்பா லாரியில மட்டும்தான் டாக்டர். கண்ணாடிய தொறந்து வெச்சிருவாரு." உன்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னான். அவன் அப்படித்தான், நீ அவனுக்கு உலகம்.

வீட்டில் யாருக்குப் பிரஷர் என்ற கேள்விக்கு என்னைப் பார்த்தாலே போதும். உன் சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள் கோலா பிலா ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள், அதுவும் பிரஷரில் ஆரம்பித்ததுதான். எனக்குப் பக்கவாதம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய். அன்றைக்குக் காலையில்கூட நான் நன்றாகத்தான் இருந்தேன். அதைத்தான் உன் மண்டையில் ஏற்ற வேண்டும். நன்றாகத்தான் இருந்தேன். மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கும் வரை ஒரு நாள் லீவு போட்டதில்லை. வலித்ததா? வலிக்கவில்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பேனே. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யக் காலைத் தூக்கினேன், கால் வரவில்லை, அவ்வளவுதான். "நல்லாத்தானே இருக்கான், என்னாப்பா பண்ணுது அவனுக்கு?" என்று நேற்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு நான்தான் பதில். நாற்காலியில் உன் எதிரிலேயே எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறேன். நான் அறுபதுக்கு மேல்தான் விழுந்தேன். அவன் எத்தனை வயதில் விழ வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன், எழுதுகிறேன். கிளினிக்கிலிருந்து வந்த அன்றிலிருந்து கவின் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்குகிறான். சந்தோஷமாகத்தான் பார்த்தேன், பிள்ளை புரிந்துகொண்டானே என்று. நேற்று நீ லாரி எடுத்துப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் மடங்கிப் போன கையை விரித்துவிட்டுக்கொண்டே கேட்டான். "தாத்தா, நான் மெலிஞ்சிட்டா தராசுல சக்கர கொறஞ்சிருமா?" ஆமாம்டா, கொஞ்சம் குறையும் என்றேன். "கொறஞ்சா சாமி என்னைய திருப்பி எடுத்துக்குமா? அப்பா அப்படித்தான் நெனைக்கிறாரு. எனக்குத் தெரியும். அதான் நான் அப்பா இருக்கும்போது ஃபுல்லா சாப்புட்டுட்டு, அப்பா போனப்புறம் சாப்புடாம இருக்கேன்." நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு கட்டிக்கொண்டது. பக்கவாதம் வந்ததற்கு நான் என்றைக்கும் இப்படி அழுததில்லை. அவன் என் கண்ணைத் துடைத்துவிட்டான். உனக்குப் பயந்து தின்கிறான், டாக்டருக்குப் பயந்து பட்டினி கிடக்கிறான், நடுவில் சாமிக்குப் பயந்துகொண்டு தனியாக இருக்கிறான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்?

நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியாதா? பிள்ளையை ஒரு தடவை கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவனுக்கு அவன் குண்டாக இருந்தால்தான் உயிர் வருகிறது. அவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் சதை கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் உனக்கு அந்தச் சிமெண்டுத் தரை ஞாபகம் வந்துவிடும். நீ ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவதும் அதனால்தான். மறுபடி அதே வாசலுக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு நுழைய உனக்குத் துணிச்சல் இல்லை, அதற்குத் திருவிழாவைக் காரணம் காட்டுகிறாய். பயப்படு, பரவாயில்லை, நானும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாசல் வரைக்கும் வா. டாக்டர் இதைச் சரிசெய்யலாம் என்கிறார். சின்ன வயது, இப்போதே பிடித்துவிட்டோம், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விளையாட்டையும் மாற்றினாலே நிறையக் குறையும், தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது என்றார். பட்டினி போடச் சொல்லவே இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார், இனிப்புத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார், வியர்க்க ஓடவிடச் சொன்னார். இதையெல்லாம் அவன் உன் வாயால் கேட்க வேண்டும். நான் சொன்னால் குழறுகிறது, மாலா சொன்னால் உன் முகத்தைப் பார்க்கிறான்.

வேண்டுதலைப் பற்றிக் கவலைப்படாதே. அடுத்த வாரம் அவன் எவ்வளவு இருக்கிறானோ அவ்வளவு சர்க்கரை வை. போன வருஷத்தைவிடக் குறைந்தால் கூட்டத்தில் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள், நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். நான் தராசுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், கேட்கிறவன் என்னிடம் வந்து கேட்கட்டும். அம்மன் அவன் எடைக்குச் சமமாகத்தான் கேட்டாள், கூட்டிக்கொண்டே போ என்று அவள் கேட்கவில்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது.

இனி உன் இஷ்டம். இல்லை, உன் இஷ்டமில்லை, அப்படிச் சொல்லிவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. புதன்கிழமை இரவுக்குள் நீ வரவில்லை என்றால் வியாழக்கிழமை நான் அவனைக் கூட்டிப் போகிறேன். மாலாவுக்கு இதற்கு மேல் லீவு கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டாள். பெடாஸ் வரை பக்கத்து வீட்டுக்காரர் காடியில் இறக்கிவிடுவார், அங்கிருந்து பஸ். நான் படியேற அவன் என் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கும், தூக்குவான். ஆஸ்பத்திரியில் கவுண்டர் கவுண்டராக அவன்தான் என்னை நடத்திக் கூட்டிப் போவான். உள்ளே போனதும் அங்கே இருக்கிற மிஸ்ஸி குனிந்து, என்னை விட்டுவிட்டு அவனைத்தான் கேட்பாள், "அப்பா எங்கே?" என்று. அவன் கொஞ்சமும் யோசிக்காமல், உன்னை விட்டுக்கொடுக்காமல், "அப்பாவுக்கு வேலை இருக்கு" என்று சொல்வான். சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பான் கணேசா. கூப்பிடும் வரை பார்த்துக்கொண்டே இருப்பான்.